வாசனை ஏற்றாத வாயு

வீட்டுச் சிலிண்டர் கசிந்தால் மணக்கும்.
அது வாயுவின் மணமல்ல;
பயந்துபோய் ஜன்னலைத் திறக்கட்டும் என்று
பிறகு யாரோ கலந்துவிட்ட அழுகல்.
கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில்
அந்த மரியாதை கிடையாது.
பூச்சியத்துக்கு நூற்று அறுபத்திரண்டு பாகை கீழே
வாயு நீராகிக் கப்பலுக்குக் காத்துக்கிடக்கும்.
தப்பிப் போவது
சொல்லாமல் போகும்.

என் வேலை அதைப் பார்ப்பது.
தோளில் தொங்கும் கமெராவுக்கு மட்டும் தெரியும்,
குழாய் மூட்டில் கறுப்பாய் ஒரு நெளிவு,
தேத்தண்ணி ஆவி கரிபூசிக்கொண்டதுபோல.
கமெராவை இறக்கினால் வெறும் இரும்பு.
குடாவுக்கு அப்பால் கோணமலை விளக்குகள்.

ஆண்டறிக்கையில் நாங்கள் சுத்தமானவர்கள்.
வால்வுகளை எண்ணி,
எந்த நாட்டிலோ அச்சிட்ட குணகத்தால் பெருக்கி,
விடைக்குக் கீழே கையொப்பம்.
யாரும் எந்த வால்வையும் போய்க் கேட்டதில்லை.

கச்சான் அடித்த ஓர் ஆடி இரவு
சுவாலைக் கோபுரத்தின் தலை சரிந்து கிடந்தது.
காற்று தீயைத் தின்றது.
தீயோ வாயுவை முழுதாய்த் தின்னவில்லை.
கமெராவைத் தூக்கினேன்:
நெருப்பின் வாலிலிருந்து, எரியாமல்,
ஓர் ஆறு
கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.
எரிந்திருந்தாலும் கரிதான். எரியாமல் போனால்
இருபது வருடக் கணக்கில்
எண்பது மடங்கு வெக்கை.
மகாவலி வந்து விழுகிற இடத்தில்
இன்னொரு ஆறு, வரைபடத்தில் இல்லாதது.

யோகச்சந்திரன் திரையைப் பார்த்தார்.
நகத்தைக் கடித்தார்.
'நாளைக்குக் கப்பல் வருது, பிள்ள.'
'ஓம்.'
'நீ இதைப் பாக்காமல் இருந்திருக்கலாம்.'
'கமெரா வாங்கித் தந்தது நீங்கள்தானே.'
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.
கப்பல் ஒன்றரை நாள் குடா வாயில் நங்கூரத்தில் நின்றது.
அதற்கான தண்டப்பணம் எவ்வளவு என்பதை
எனக்கு மூன்று பேர் தனித்தனியே சொன்னார்கள்.

பிறகு பதினொரு மாதம்.
தாங்கிக்குள் தானாய்க் கொதித்தெழும் ஆவியைப் பிடித்து
மறுபடி குளிருக்கே அனுப்பும் யந்திரம் வந்திறங்கியது.
மார்கழி மழையில் இரண்டு பேர் ஏணியில் வழுக்கினார்கள்.
ஒருவருக்கு மணிக்கட்டு போயிற்று.
தைக்குப் பின் ஒருநாள்
சுவாலை சுருங்கியது,
ஒரு தென்னங்கீற்று உயரத்துக்கு.
நாங்கள் கேக் வெட்டினோம்.

மறுகிழமை மூதூர் இஸ்ஸதீன் வாசலில் வந்து நின்றார்.
நாலு வருடமாய் அந்த நெருப்புக்குக் கீழேதான்
கணவாய் மேலெழும்புமாம்.
தோணியை நிறுத்திவிட்டுத் தூண்டிலை ஆட்டினால் போதுமாம்.
'எங்கட வெளிச்சத்த ஏன் அணைச்சீங்க?'
என்னிடம் ஓர் எண் இருந்தது: எழுபது சதவீதம்.
அவரிடம் ஒரு கூடை இருந்தது,
அடியில் நாலு கணவாய்.
எண்ணைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.
'இப்ப நான் ஜெனரேட்டர் வாங்கிட்டன் மகள்.
விடிய விடிய புகைக்குது.
அதையும் உங்கட கணக்கில போடுங்க.'

போடுவதற்கு நிரல் இல்லை.
என் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
தோணி ஒன்று, மண்ணெண்ணெய், இரவுக்கு மூன்று லீற்றர்.
இப்போது அங்கே பத்தொன்பது தோணிகள்.
பெருக்கிப் பார்த்தேன். எழுபதுக்குப் பக்கத்தில்
அது ஒன்றுமேயில்லை.
கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் அப்படியில்லை.

நிரம்பிய கப்பல் போகிறது.
அதன் வயிற்றில் இருப்பது முழுதும்
எங்கோ ஓர் ஊரில் எரியத்தான் போகிறது.
அது என் கமெராவின் எட்டுதூரத்துக்கு வெளியே;
என் நித்திரைக்கு வெளியே அல்ல.

இன்றிரவு மூன்றாம் கொம்பிரசர், தண்டு முத்திரை:
நூல்போல் ஒன்று, மெல்லிய கறுப்பு.
போன மாதம் நானே பார்த்து மூடிய இடம்.
சிவப்பு அட்டையை எடுக்கிறேன்.
உப்புக்காற்றில் பேனை எழுத மறுக்கிறது.
உள்ளங்கையில் கிறுக்கி, உதறி,
மறுபடி கிறுக்குகிறேன்.
குடாவில் பத்தொன்பது வெளிச்சங்கள்
ஆடிக்கொண்டிருக்கின்றன.